கூட்டி வைத்த குழம்பு: எட்டு வாரக் குறிப்பேட்டிலிருந்து

ஆனி மாதக் கடைசியில் வீட்டுக் கணக்கைப் பார்த்தபோது, நான்கு பேர் உள்ள எங்கள் வீட்டில் உணவுக்கென்று மட்டும் 20,400 ரூபாய் செலவாகியிருந்தது. அதில் 5,300 ரூபாய், வேலை முடிந்து களைத்து வரும் வழியில் வாங்கிய பரோட்டா, தோசை, பிரியாணிப் பொட்டலங்களுக்குப் போனது. மனைவியும் நானும் இருவருமே மாலை ஏழு மணிக்குத்தான் வீடு திரும்புகிறோம். மகள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். அம்மாவுக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. காய்கறிக் கூடையில் வாரந்தோறும் ஏதோ ஒன்று அழுகிக் கிடப்பதும், அதே வாரத்தில் இரண்டு நாள் வெளியில் வாங்கிச் சாப்பிடுவதும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகளாகத் தெரிந்தன. ஞாயிற்றுக்கிழமையே வாரத்துக்கான சமையலைத் திட்டமிட்டு முடித்துவிட்டால் என்ன என்று தோன்றியது. ஆடி முதல் ஞாயிறன்று தொடங்கினேன். ஒவ்வொரு வாரமும் என்ன செய்தேன், எது கெட்டது, எவ்வளவு நேரம் பிடித்தது, எவ்வளவு செலவானது என்று ஒரு நோட்டில் எழுதி வந்தேன். இது அந்த நோட்டைப் பார்த்து எழுதியது.

முதல் வாரத்தைப் பற்றி எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இணையத்தில் பலர் காட்டுவதைப்போல, ஐந்து நாளைக்கான மதிய உணவை முழுதாகச் சமைத்து டப்பாக்களில் அடைத்து அடுக்குவது என்பதே என் திட்டமாக இருந்தது. மூடி போட்ட இருபது டப்பாக்களை 1,640 ரூபாய்க்கு வாங்கினேன். சாம்பார், பீன்ஸ் பொரியல், பீட்ரூட் பொரியல், சோறு எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்து முடிக்க 6 மணி 10 நிமிடம் ஆனது. செவ்வாயன்று சோறு பருக்கை பருக்கையாக விறைத்துப் போயிருந்தது. புதனன்று தேங்காய் போட்ட பீன்ஸ் பொரியலில் ஊசல் வாடை எழுந்தது. வியாழனன்று மிச்சமிருந்த ஒன்பது டப்பாக்களையும் கொட்டினேன், அன்றிரவு பரோட்டாதான்.

கொட்டும்போது பக்கத்தில் நின்ற அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "ஏம்ப்பா, குழம்பக் கொதிக்க வச்சு ஏன் அடுக்குற? கூட்டி வச்சாப் போதாதா?"

எங்கள் பக்கத்தில் குழம்பு கூட்டுவது என்றால், புளியைக் கரைத்து, மிளகாய்த்தூள், மல்லித்தூள், உப்பு ஆகியவற்றைச் சேர்த்து, ருசி பார்த்து, அடுப்பில் ஏற்றத் தயாராக வைப்பது. கூட்டி வைத்த குழம்பு இன்னும் குழம்பாகவில்லை. ஆனால் அதில் யோசிக்க வேண்டிய வேலை முடிந்துவிட்டது, கொதிக்க வேண்டியது மட்டுமே பாக்கி. இட்லி மாவும், பருப்புப் பொடியும், புளிக்காய்ச்சலும், வெங்காய வடகமும், மோர் மிளகாயும் இதே முறையில் பாதியில் நிறுத்தி வைத்த சமையல்கள்தாம். இவற்றோடு வளர்ந்த நான் இருபது டப்பா வாங்கியிருக்கவே வேண்டியதில்லை. எதை எந்தக் கட்டத்தில் நிறுத்தினால் கெடாமலும் சுவை குறையாமலும் நிற்கும் என்பதைக் கண்டுபிடிப்பதுதான் அதற்குப் பிந்தைய ஏழு வாரங்களின் வேலையாக அமைந்தது.

சோற்றிலிருந்து ஆரம்பித்தேன். வெந்த அரிசி ஆறி, குளிரில் இருக்கும்போது அதன் மாவுச்சத்து மீண்டும் இறுகிக்கொள்வதால்தான் குளிர்பெட்டிச் சோறு விறைக்கிறது. அதைவிடக் கவனிக்க வேண்டியது, அரிசியோடு வரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா. இதன் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. வெந்த சோற்றை வெளியில் மணிக்கணக்கில் விட்டுவைத்தால் அவை முளைத்துப் பெருகுகின்றன. அவை உண்டாக்கும் ஒருவகை நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் அழிவதில்லை. முதல் வாரம் இருபது டப்பாச் சோற்றையும் மேசைமேல் மூன்று மணி நேரம் ஆற விட்டிருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. குக்கரில் சோறு வடிக்க இருபது நிமிடம்தான் ஆகும். அந்த இருபது நிமிடத்தைச் சேமிக்க முயல்வது வீண் என்று முடிவெடுத்து, முன்கூட்டிச் செய்யும் பட்டியலிலிருந்து சோற்றை முழுவதுமாக நீக்கினேன்.

இரண்டாவது வாரம் சமையலுக்கு முன்பாகக் குளிர்பெட்டியைச் சோதித்தேன். 250 ரூபாய்க்கு ஒரு சிறிய வெப்பமானி வாங்கி, தண்ணீர் நிரம்பிய டம்ளரில் போட்டு நடுத்தட்டில் ஓர் இரவு வைத்துப் பார்த்ததில் 9 டிகிரி காட்டியது. கதவுத் தட்டில் 12. சமைத்த உணவு 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். 5 முதல் 60 டிகிரி வரையிலான இடைவெளிதான் கிருமிகள் பெருகும் இடம். பொரியல் ஏன் ஊசியது என்பதற்கு விடை கிடைத்துவிட்டது. கதவு ரப்பருக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு தாளைச் செருகி மூடி இழுத்துப் பார்த்தபோது, கீழ் மூலையில் தாள் எந்தப் பிடிப்பும் இல்லாமல் வந்தது. ரப்பர் மடிப்பில் அடைந்திருந்த பிசுக்கைச் சோப்பு வெந்நீரும் பழைய பல்துலக்கியும் கொண்டு தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்தேன், பிடிப்பு திரும்பியது. குமிழை இரண்டிலிருந்து நான்குக்குத் திருப்பி, நெரிசலாக இருந்த தட்டுகளில் காற்றுப் போக இடம் விட்ட பிறகு, மறுநாள் நடுத்தட்டில் 4 டிகிரி இருந்தது. வாரச் சமையலை முன்கூட்டிச் செய்ய விரும்பும் எவரும் டப்பா வாங்குவதற்கு முன்னால் இந்த ஒரு வேலையைச் செய்துவிட வேண்டும் என்பேன்.

அடுத்தது பருப்பு. துவரம்பருப்பை மஞ்சள்தூளோடு மட்டும் வேகவைத்து, உப்பும் புளியும் காயும் சேர்க்காமல் நிறுத்திக்கொண்டேன். வெந்த பருப்பு ஆறுவதற்கு நெடுநேரம் பிடிக்கும் என்பதால், அகலமான எவர்சில்வர் தட்டில் பரப்பி, அந்தத் தட்டைக் குளிர்ந்த நீர் நிரம்பிய பெரிய தாம்பாளத்தில் வைத்தேன். இருபது நிமிடத்தில் கைபொறுக்கும் சூட்டுக்கும் கீழே இறங்கியது. மூன்று நாள் சிக்கலில்லாமல் இருந்தது. நான்காம் நாள் வாடையில் குறை ஒன்றுமில்லையென்றாலும் அம்மா முகம் சுளித்தார், நானும் வாதாடவில்லை. வாரத்தை ஒரே மூச்சாகத் திட்டமிடக் கூடாது, ஞாயிறு காலை ஒருமுறையும் புதன் இரவு ஒருமுறையும் எனப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்பது இப்படித்தான் தெரிந்தது. புதன் வேலைக்கு ஐம்பது நிமிடம் போதும்: பருப்பு வேகவைப்பது, அடுத்த பாதிக்கான காயை நறுக்குவது, மாவு தீர்ந்திருந்தால் அரைப்பது.

புளியில் ஒரு தவறு செய்தேன். கால் கிலோ புளியை வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்து, வடிகட்டி, உப்பு சேர்த்துச் சுண்டக் காய்ச்சிக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றினேன். புளிப்பும் உப்பும் சேர்ந்து அதைக் காக்கும், இரண்டு வாரம் அசையாது. நெல்லிக்காய் அளவு புளிக்கு ஒன்றரைத் தேக்கரண்டி விழுது சரியாக இருக்கிறது. ஆனால் விழுதில் உப்பு இருப்பதை மனைவிக்குச் சொல்ல மறந்தேன். வழக்கமான அளவு உப்பை அவளும் போட, அன்றைய வத்தக்குழம்பை வாயில் வைக்க முடியவில்லை. இரத்த அழுத்தம் உள்ளவர் இருக்கும் வீட்டில் இது வேடிக்கையான விஷயமன்று. ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராம் உப்பு என்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மேல்வரம்பு. முன்கூட்டிச் செய்து வைக்கும் பொடி, தொக்கு, ஊறுகாய், வற்றல் ஒவ்வொன்றிலும் உப்பு ஒளிந்திருக்கிறது. அன்றிலிருந்து புட்டிகள்மேல் தேதியோடு "உப்பு உண்டு", "உப்பு இல்லை" என்று எழுதி ஒட்டுகிறோம். பொடிகளில் உப்பே போடுவதில்லை.

காய்கறிக்காக ஞாயிறு காலை ஆறரைக்கே மதுரை அண்ணா நகர் உழவர் சந்தைக்குப் போய்விடுவேன். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று இங்கேதான் திறக்கப்பட்டது. அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள் என்பதால், என்ன வாங்குவது என்பதை வீட்டில் தீர்மானிக்காமல் பலகையைப் பார்த்துத் தீர்மானிக்கப் பழகினேன். முதல் வாரம் எழுதிக்கொண்டு போன பட்டியலில் பீன்ஸ், கேரட், காலிஃபிளவர் என மலைக்காய்களாகவே இருந்தன. அவை எடையும் தூரமும் சேர்ந்து விலை ஏறி வருபவை. ஆடி, ஆவணியில் மலிவாகக் கிடைத்தது புடலை, பீர்க்கு, சுரை, கத்தரி, வெண்டை, பரங்கி, கீரை. திட்டத்தில் காயின் பெயரை எழுதுவதை விட்டுவிட்டு, "ஒரு கீரை, இரண்டு நீர்க்காய், ஒரு நாட்டுக்காய், ஒரு கிழங்கு" என்று இனத்தை மட்டும் எழுதிக்கொண்டு போவது என்று மாற்றியதும் பை நிறைந்தது, பணமும் மிஞ்சியது.

எந்த நாள் எந்தக் காய் என்பதை அவை வாடும் வரிசையைப் பார்த்து முடிவு செய்தேன். ஞாயிறும் திங்களும் கீரை. செவ்வாய், புதனில் வெண்டை, கத்தரி, பீர்க்கு. வியாழன், வெள்ளியில் முட்டைகோஸ், பீட்ரூட், வெட்டாத பரங்கி. சனிக்கிழமை சேனை, சேம்பு, கருணை. கிழங்குகளைக் குளிர்பெட்டிக்குள் வைக்கவே தேவையில்லை. கீரை விஷயத்தில் அம்மாவின் கைப்பழக்கம் பெரிதும் உதவியது: ஆய்ந்து, கழுவி, மின்விசிறிக்கு அடியில் வெள்ளைத் துணியில் ஈரம் போகப் பரப்பி, அதே துணியில் தளர்வாகச் சுற்றி வைத்தால் முருங்கைக்கீரை மூன்று நாள் நிற்கிறது. நான் முதலில் செய்தித்தாளில் சுற்றினேன். அச்சு மை உணவில் ஏறும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்திருப்பதைப் படித்த பிறகு அதை நிறுத்திவிட்டேன். வெண்டைக்காயை முன்கூட்டி நறுக்கினால் வழவழத்துப் போகிறது; கத்தரிக்காய் கறுக்கிறது; வாழைப்பூவை ஆய்ந்து மோர் கலந்த நீரில் போட்டு ஒரு நாள் வைக்கலாம், அதற்கு மேல் கூடாது. பீன்ஸ், கோஸ், பீட்ரூட், புடலை நான்கும் நறுக்கிய நிலையில் மூன்று நாள் தாங்கின. தேங்காயைத் துருவி உறைபெட்டியில் மெல்லிய பாளமாகத் தட்டி வைத்துக்கொண்டு, வேண்டும்போது ஒரு துண்டை உடைத்து, பொரியலை இறக்குகையில் சேர்த்தால் முதல் வாரத்து ஊசல் திரும்ப வரவில்லை.

சின்ன வெங்காயம் உரிப்பதுதான் வாரத்தின் மிகப் பெரிய வேலை. அதை ஞாயிறு மதியம் மகளும் அம்மாவும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து முடித்துவிடுகிறார்கள். அரைக் கிலோ, உரித்துத் துணி விரித்த டப்பாவில் வைத்தால் ஐந்து நாள். உரித்த பூண்டை எண்ணெயில் ஊறப்போட்டு வெளியில் வைக்கும் யோசனை மட்டும் வேண்டாம். காற்றுப் புகாத அந்த எண்ணெய்க்கு அடியில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமி வளர இடமுண்டு, அதன் நஞ்சு உயிரைக் குடிக்கக் கூடியது. பூண்டு உலர்ந்தபடியே குளிர்பெட்டியில் இருக்கட்டும்.

நான்காவது வாரத்தில்தான் சத்துக் கணக்கைக் கையில் எடுத்தேன். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட உணவு வழிகாட்டியில், நாளொன்றுக்கு 2,000 கலோரி தேவைப்படுபவருக்கு 250 கிராம் தானியம், 85 கிராம் பருப்பு வகை, கீரை உட்பட 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம், 300 மில்லி பால் அல்லது தயிர் என்று ஒரு தட்டு வரையப்பட்டிருக்கிறது. இதே நிறுவனம் 1918இல் நம் குன்னூரில்தான் ஆராய்ச்சிக் கூடமாகத் தொடங்கி, 1958இல் ஐதராபாத்துக்குப் போனது. எங்கள் வீட்டுக் கணக்கை அந்தத் தட்டோடு ஒப்பிட்டபோது, பருப்பு நான்கு பேருக்கும் சேர்த்து 340 கிராம் வர வேண்டிய இடத்தில் 150 கிராம்தான் வந்தது. காய்கறி 1,600 கிராமுக்குப் பதிலாக 750. தானியம் மட்டும் தாராளமாகத் தாண்டியிருந்தது. தினமும் சாம்பார் வைக்கும் குடும்பத்துக்குப் பருப்பில் பற்றாக்குறை இராது என்று நம்பிக்கொண்டிருந்தேன். சாம்பாரில் தலைக்கு இருபது, இருபத்தைந்து கிராம் பருப்புதான் போகிறது என்பது நிறுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

ஆகவே பருப்பைச் சாம்பாருக்கு வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. சனி இரவு 800 கிராம் கொண்டைக்கடலையை ஊறப்போட்டு, ஞாயிறு காலை முதல் வேலையாகக் குக்கரில் வேகவைக்கிறேன். அது ஏறத்தாழ இரண்டே கால் மடங்காகப் பெருகும். இருநூறு இருநூறு கிராமாகப் பிரித்து உறைபெட்டியில் வைத்தால், சுண்டலாகவோ குழம்பாகவோ கூட்டாகவோ பத்து நிமிடத்தில் மாறிவிடுகிறது. தட்டைப்பயறு, மொச்சை, கொள்ளு ஆகியவை மாறி மாறி வரும். வாரம் இரண்டு நாள் காலை இட்லிக்குப் பதில் அடை. அதில் அரிசிக்குச் சமமாகப் பருப்பு போகிறது. முளைகட்டிய பாசிப்பயறு மட்டும் ஒருமுறை பிசுபிசுத்து நாற்றம் எடுத்தது. ஈரத்துணியைப் பிழியாமல் சொட்டச் சொட்டக் கட்டியதே காரணம். நியாயவிலைக் கடையில் குடும்ப அட்டைக்கு ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைப்பது இந்தக் கணக்கில் பெரிய ஆறுதல். சுண்டல் வகைகளுக்குத்தான் வெளியில் காசு கொடுக்க வேண்டியிருந்தது.

இட்லி மாவைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. நான்கு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உளுந்து, ஒரு கரண்டி வெந்தயம் என்பதை எல்லோரும் அறிவர். மதுரை வெக்கையில் இரவு பத்துக்கு அரைத்து வைத்த மாவு காலை நான்குக்கே பொங்கி வழிந்து மேடையை நனைத்தது என்பதை மட்டும் எழுதி வைக்கிறேன். இப்போது ஞாயிறு பகலில் அரைத்து, கண்ணில் படும்படி வைத்திருந்து, ஐந்தாறு மணி நேரத்தில் மாவு எழுந்ததும் குளிர்பெட்டிக்குள் எடுத்து வைத்துவிடுகிறோம். முதல் இரண்டு நாள் இட்லி, பிறகு தோசை, கடைசியில் வெங்காயம் போட்ட ஊத்தப்பம்.

எண்ணெய்க்கு ஓர் எளிய ஏற்பாடு செய்தோம். ஊட்டச்சத்து நிறுவனத்தின் அதே வழிகாட்டியின்படி தலைக்கு நாளொன்றுக்கு 27 கிராம், அதாவது ஏறக்குறைய 30 மில்லி. நான்கு பேருக்கு மாதம் 3.6 லிட்டர். மாதத் தொடக்கத்தில் அந்த அளவை ஒரு கேனில் ஊற்றி, வாரத்துக்கொன்றாக நான்கு கோடுகள் போட்டு வைத்தேன். முதல் மாதம் மூன்றாவது வாரத்திலேயே கேன் காலி. ஆடிப் பதினெட்டுக்குச் சுட்ட வடையை அதற்குக் காரணமாகச் சொன்னோம். இரண்டாம் மாதம் மொத்தம் 4 லிட்டரில் முடிந்தது. முன்பு ஐந்தரை லிட்டர் வாங்கிக்கொண்டிருந்தோம்.

ஞாயிறு வேலை நேரம் 6 மணி 10 நிமிடத்திலிருந்து எட்டாவது வாரம் 2 மணி 20 நிமிடமாகக் குறைந்தது. இதற்குக் காரணம் வேகம் என்று சொல்ல மாட்டேன். அடுப்பில் எது முதலில் ஏற வேண்டும் என்ற வரிசை பழகியதுதான். கடலைக் குக்கர் ஏறியதும் புளி ஊறப்போடுவது, கடலை இறங்கியதும் அதே குக்கரில் பருப்பு, பருப்பு வேகும்போது அடுத்த அடுப்பில் வெங்காயம் தக்காளித் தொக்கு, தொக்கு சுண்டும்போது காய் நறுக்குவது. வார நாள் மாலைகளில் சோறும் குழம்பும் ஒரு பொரியலும் தட்டுக்கு வர முப்பது நிமிடம் போதுமானதாக இருக்கிறது. மீனும் கறியும் வாங்குகிற அன்றே சமைத்து அன்றே முடித்துவிடுகிறோம், அதில் சோதனை எதுவும் செய்யவில்லை.

இரண்டாம் மாதக் கணக்கு இது: மளிகை 7,400லிருந்து 7,750 ஆனது, சுண்டல் வகைகள் கூடியதால். காய்கறி, பழம் 2,600லிருந்து 3,500 ஆனது. பால், தயிர் 2,700; அதில் மாற்றமில்லை. முட்டை, மீன், கறி 2,400லிருந்து 2,300. வெளி உணவு 5,300லிருந்து 1,200. மொத்தம் 17,450 ரூபாய். முன்பைவிட 2,950 குறைவு. வீட்டுக்குள் நாங்கள் செலவைக் கூட்டியிருக்கிறோம், வெளியில்தான் குறைத்திருக்கிறோம் என்பதைக் குறித்துக்கொள்கிறேன். பருப்பு வகை இப்போது நாளுக்கு 280 கிராம் வரை வருகிறது. காய்கறி 1,200 கிராமைத் தாண்டவில்லை. மகள் புடலங்காயைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குவது இந்தக் கணக்கில் சேராது.

வாங்கிய இருபது டப்பாக்களில் ஏழு மட்டுமே பயன்பாட்டில் இருக்கின்றன. மீதியில் அம்மா வற்றல் போட்டு வைத்திருக்கிறார். புரட்டாசி பிறக்க இன்னும் சில நாட்களே இருக்கின்றன. எங்கள் வீட்டில் அந்த மாதம் முழுக்க மீன், கறி, முட்டை கிடையாது என்பதால், அந்த 2,300 ரூபாயில் ஒரு பகுதியை மொச்சைக்கும் நிலக்கடலைக்கும் தயிருக்கும் திருப்பிப் புதிய அட்டவணை போட வேண்டும். மொச்சையை ஊறவைத்துப் பிதுக்கி உறைபெட்டியில் வைத்தால் எத்தனை நாள் தாங்கும் என்பதைச் சோதிக்க, வரும் சனிக்கிழமை இரவு அரைக் கிலோ ஊறப்போடுகிறேன்.